வான் நியூமன் பற்றி இரண்டு புத்தகங்களும் ஒரு ரயில் நிலையமும்

ஜான் வான் நியூமன் பற்றி அடுத்தடுத்து இரண்டு புத்தகங்கள் படிச்சேன். ஒன்று அனன்யோ பட்டாச்சார்யா எழுதிய ‘தி மேன் ஃப்ரம் தி ஃப்யூச்சர்’ (2021), வாழ்க்கை வரலாறு. இன்னொன்று சிலி நாட்டு எழுத்தாளர் பெஞ்சமின் லபாதுத்தின் ‘தி மேனியாக்’ (2023), நாவல். இரண்டும் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகங்கள்தான். ஆனா ரெண்டையும் முடிச்ச பிறகும் எனக்கு ஒரு கேள்வி அப்படியே நின்னுது. இன்றைய கணினியின் அமைப்பு, குவாண்டம் இயற்பியலின் கணித அடித்தளம், நாகசாகியில் விழுந்த குண்டின் கணக்கு, இந்த மூன்றிலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது. அது தற்செயலா?

பட்டாச்சார்யாவின் புத்தகம் துறைவாரியாக அத்தியாயம் பிரிச்சது. குவாண்டம் ஒரு அத்தியாயம், குண்டு ஒன்று, கணினி ஒன்று, ஆட்டக் கோட்பாடு ஒன்று. ஒவ்வொரு யோசனையும் அவருக்குப் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்வதில் இந்த முறைக்கு நல்ல பலன். நஷ்டம் என்னன்னா, காலையில் குண்டு வேலை, மதியம் கணினி வேலை என்று பார்த்த ஒரு மனிதர் தனித்தனி அலமாரிகளில் போய்விடுகிறார். லபாதுத் வேறு வழி. வான் நியூமனைச் சுற்றியிருந்த மனைவிகள், நண்பர்கள், சக விஞ்ஞானிகள் ஒவ்வொருவராக வந்து பேசுகிறார்கள். அவர் மட்டும் பேசுவதில்லை. அதனால் அவர் ஒரு அமானுஷ்ய உருவமாகிறார், பகுத்தறிவே பித்துப் பிடித்து ஆடினால் எப்படி இருக்கும் என்பது மாதிரி. நாவலாக அது வேலை செய்கிறது. வரலாறாக எடுத்துக்கொண்டால் சிக்கல். அழிவு ஒரு அசாத்திய மூளைக்குள்ளிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால், பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்ட மற்றவர்கள் எல்லாரும் கதையை விட்டு நழுவிவிடுகிறார்கள்.

அப்படிப் பக்கத்து மேஜையில் இருந்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் கப்பல் ஏறிய எஸ். சந்திரசேகர். சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன், 1983-இல் நோபல் பரிசு வாங்கியவர்.

சந்திரசேகரை நாம் ஒரே கதையாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறோம். கப்பலில் போகும்போது வெள்ளைக் குறு விண்மீன்களின் எல்லை நிறையைக் கணக்கிட்டார். 1935 ஜனவரியில் எடிங்டன் எல்லார் முன்னாலும் அவரைக் கேலி செய்தார். அரை நூற்றாண்டு கழித்து உலகம் ஒத்துக்கொண்டது. பள்ளி ஆண்டு விழாப் பேச்சுக்கு ஏற்ற கதை. இதில் வராத பகுதி 1940-களின் முதல் பாதி.

1941 இலையுதிர் காலத்தில் சந்திரசேகர் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் இருந்தார். வான் நியூமன் அங்கே பேராசிரியர். இருவரும் சேர்ந்து எழுதின கட்டுரைகள் 1942-லும் 1943-லும் வானியற்பியல் ஆய்விதழில் வந்தன. விண்வெளியில் விண்மீன்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும்போது, ஒரு விண்மீன் மேல் செயல்படும் ஈர்ப்பு விசை எப்படி ஏறி இறங்கும் என்பதுதான் பொருள். சுத்தமான அறிவியல், யாரையும் கொல்லாத கணக்கு. 1943 ஜனவரியில் சந்திரசேகர் தனியாக ஒரு நீண்ட கட்டுரையும் வெளியிட்டார். இயற்பியலிலும் வானியலிலும் வரும் தற்செயல் நிகழ்வுகள் பற்றியது. இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ராண்டம் வாக் என்கிற தள்ளாட்ட நடையிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மனித ஆறு ஓடும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். ஓரடி 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் 20,000 அடிகள். எல்லாரும் ஒரே திசையில் நடப்பதால் சுற்றி முடிக்கிறார்கள். ஒருவர் ஒவ்வொரு அடிக்கும் திசையைக் குருட்டாம்போக்கில் மாற்றிக்கொண்டே அதே 20,000 அடி நடந்தால்? புறப்பட்ட இடத்திலிருந்து அவர் சராசரியாக எவ்வளவு விலகியிருப்பார் என்பதற்கு அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அளவு. சுமார் 141 அடிகள், அதாவது 100 மீட்டர். விடிய விடிய நடந்தும் அதே டீக்கடை வாசல்தான். புளூட்டோனியத்துக்குள் ஒரு நியூட்ரான் போகிற பாதையும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான். போகிற வழியில் மோதும், திரும்பும், ஒரு கருவைப் பிளந்து இன்னும் சில நியூட்ரான்களைக் கிளப்பும். 1947-இல் உலாமும் வான் நியூமனும் இதைச் சூத்திரத்தால் தீர்க்காமல், கணினியில் பகடை உருட்டித் தீர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். மான்டி கார்லோ முறை என்று பெயர். 1948-இல் அது எனியாக் கணினியில் ஓடியது. அதற்கான நிரல் வேலையில் பெரும் பங்கு அவர் மனைவி கிளாராவுடையது.

கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். 1943-க்குத் திரும்புவோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அபர்டீன் என்று ஒரு ஊர். ராணுவத்தின் பீரங்கிச் சோதனைக் களம் அங்கே. அதை ஒட்டி எறிபடைக்கல ஆய்வகம். அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவில் வான் நியூமன் 1940 முதலே இருந்தார். போர்க்காலத்தில் சந்திரசேகரும் அங்கே போய்ப் போய் வேலை பார்த்தார். ஹிட்லரை எதிர்த்து நடக்கும் போரில் கை கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அங்கே அவர் எழுதிய அறிக்கைகளின் தலைப்புகளைப் பாருங்கள். சமதள அதிர்வலைகளின் தேய்வு பற்றி ஒன்று. 105 மில்லிமீட்டர் குண்டு வெடிக்க உகந்த உயரம் பற்றி ஒன்று. மூன்று அதிர்வலைகள் ஒரு புள்ளியில் சேர்ந்திருப்பதற்கான நிபந்தனைகள் பற்றி ஒன்று. வெடிப்பலை செங்குத்தாக மோதித் திரும்புவது பற்றி ஒன்று.

இரண்டாவது தலைப்பை முதல் தடவை பார்த்தபோது, வேறு யாரோ சந்திரசேகர் என்றுதான் நினைத்தேன். சுத்த சைவம், மென்மையாகப் பேசுபவர், விண்மீன்களுக்காகவே வாழ்ந்தவர் என்ற படம் மனசில் அப்படிப் பதிந்திருக்கிறது.

இந்த நான்கு தலைப்புகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். ஒலி அலை காற்றை லேசாக அழுத்திவிட்டுப் போகும். வெடிப்பு அப்படியில்லை. அதன் முகப்பில் அழுத்தம் படிக்கட்டு மாதிரி ஒரே தாவலாக ஏறும். அதுதான் ஷாக் வேவ், அதிர்வலை. சாதாரண ஒலி ஒரு சுவரில் நேராக மோதித் திரும்பினால் சுவரில் அழுத்தம் இரண்டு மடங்காகும். பலமான அதிர்வலை அப்படி மோதினால் எட்டு மடங்கு வரை போகும். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிப் பழகின கணக்கு இங்கே செல்லாது. நேரியல் அல்லாத சமன்பாடு என்பதன் நடைமுறை அர்த்தம் இதுதான்.

குண்டு ஆகாயத்தில் வெடித்தால் இன்னொரு விளைவும் உண்டு. தரையில் பட்டுத் திரும்பும் அலை, முதல் அலை ஏற்கெனவே சூடாக்கி அழுத்திவிட்ட காற்றுக்குள் போகிறது. அதனால் அது வேகமாக ஓடி முதல் அலையைப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து தரையை ஒட்டி ஒரு செங்குத்துச் சுவராக எழும். மாக் தண்டு என்று இதற்குப் பெயர். சந்திரசேகர் எழுதின ‘மூன்று அதிர்வலைகள்’ இதன் முடிச்சில் சந்திப்பவைதான். படும் அலை, திரும்பும் அலை, தண்டு. தரையில் வெடித்தால் பள்ளம் விழும், ரொம்ப உயரத்தில் வெடித்தால் வலு போய்விடும். நடுவில் ஒரு உயரத்தில் வெடித்தால் சேதப்பரப்பு மிக அதிகம். வான் நியூமன் 1943-இல் கடற்படைக்கு எழுதின அறிக்கையின் பொருள் அதிர்வலைகளின் சாய்வான பிரதிபலிப்பு. இதே பொருளின் இன்னொரு முகம். 1945 மே மாதம் லாஸ் அலமாஸில் இலக்குக் குழு கூடியபோது அவர் அதில் உறுப்பினர். ஹிரோஷிமாவில் குண்டு சுமார் 580 மீட்டர் உயரத்தில் வெடித்தது, நாகசாகியில் சுமார் 500 மீட்டரில். தரையில் வெடிக்காமல் அந்த உயரத்தில் வெடித்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு.

சந்திரசேகருக்கும் லாஸ் அலமாஸ் வரச் சொல்லி ஓப்பன்ஹைமர் அழைப்பு விடுத்தார். பாதுகாப்பு அனுமதி வருவதற்குத் தாமதமானதால் அவர் போகவில்லை. இதை நம் ஆட்கள் சிலர் ‘சந்திரா குண்டு செய்ய மறுத்தார்’ என்கிற தொனியில் எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம். ஒரு காகிதம் மேஜை விட்டு மேஜை நகரத் தாமதமானது, அவ்வளவுதான். அந்தக் காகிதம் சீக்கிரம் வந்திருந்தால் நாம் அவர் பெயரை எந்தப் பட்டியலில் படித்திருப்போம் என்று யோசிக்கிறேன். லபாதுத்தின் அசுரக் கதையில் எனக்கு நம்பிக்கை போனதும் இந்த இடத்தில்தான். அசுரனும் முனிவரும் அபர்டீனில் ஒரே ஆய்வகத்துக்காக ஒரே சமன்பாட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கணினிக்கு வருவோம். அதுவும் இதே ஊரில்தான் ஆரம்பிக்கிறது.

அபர்டீன் ஆய்வகத்தின் அன்றாட வேலை பீரங்கி அட்டவணை தயாரிப்பது. ஒவ்வொரு கோணத்துக்கும், ஒவ்வொரு காற்று நிலைக்கும் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்கிடணும். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மேஜைக் கணக்குப் பொறியை வைத்து இதைச் செய்தார்கள். அவர்கள் பதவியின் பெயரே கம்ப்யூட்டர். வேலை மலையாகக் குவிந்ததால்தான் 1943-இல் எனியாக் கட்ட ராணுவம் பணம் கொடுத்தது. 1944 கோடையில் ஒரு நாள் அபர்டீன் ரயில் நிலைய நடைமேடையில் ராணுவ அதிகாரியும் கணிதருமான ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் ரயிலுக்குக் காத்திருந்தார். வான் நியூமனும் அங்கே நின்றிருந்தார். முன்பின் பழக்கமில்லை. கோல்ட்ஸ்டைன் தானே போய்ப் பேச்சுக் கொடுத்தார். நொடிக்கு 333 பெருக்கல் போடும் மின்னணு இயந்திரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் சொன்னதும் சகஜமான அரட்டை வாய்மொழித் தேர்வு மாதிரி மாறிவிட்டதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

வான் நியூமனுக்கு ஏன் அவ்வளவு ஆர்வம்? அப்போது லாஸ் அலமாஸில் அவர் கையில் இருந்த வேலையைப் பார்த்தால் புரியும். புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி வெடிமருந்து வைத்து, உள்நோக்கிப் பாயும் அதிர்வலையால் அதை நசுக்க வேண்டும். உள்வெடிப்பு முறை. அலை எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் மையத்துக்கு வரணும், கொஞ்சம் கோணினாலும் போச்சு. இந்தச் சமன்பாடுகளைத் தாளில் தீர்க்க வழியில்லை. காற்றுச் சுரங்கம் கட்டி விமானத்தைச் சோதிப்பதுகூட, கணிதம் கைவிட்ட இடத்தில் காற்றை வைத்துக் கணக்குப் போடுவதுதான் என்று அவர் 1946-இல் வாதம் வைத்தார். அவருக்குத் தேவைப்பட்டது பொதுவான ‘அறிவு இயந்திரம்’ அல்ல. அதிர்வலையைப் படிப்படியாக நகர்த்திக் கணக்கிடும் இயந்திரம். ஒவ்வொரு தடவையும் சமன்பாடு மாறும் என்பதால் கம்பிகளைப் பிடுங்கி மாட்டாமல், ஆணைகளையும் எண்களைப் போலவே நினைவகத்தில் வைக்கிற இயந்திரம்.

அந்த அமைப்பை விவரிக்கும் எட்வாக் முதல் வரைவு 1945 ஜூன் 30 தேதியிட்டது. அதில் இருந்த பெயர் அவருடையது மட்டும். எனியாக்கைக் கட்டிய எக்கர்ட், மாக்லி பெயர்கள் இல்லை. அந்த வரைவைக் கோல்ட்ஸ்டைன் நாலு பேருக்கு அனுப்பினதால் அது வெளியீடாகக் கருதப்பட்டு, அவர்கள் காப்புரிமை கேட்கும் வழியும் அடைந்தது. இருபது வருஷத்துக்கு மேல் நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ‘வான் நியூமன் கட்டமைப்பு’ என்ற பெயர் அநியாயம்தான். கூட்டு வேலையில் அழகாக எழுதத் தெரிந்தவருக்குப் பெயர் போகும் என்பதை ஒவ்வொரு அலுவலகத்திலும் பார்க்கிறோம். இயற்பியலிலும் அவர் பெயரின் எடை இதே மாதிரி வேலை செய்திருக்கிறது. 1932-இல் வந்த அவருடைய குவாண்டம் நூலில், மறைமாறிகள் இருக்கவே முடியாது என்று ஒரு நிரூபணம் உண்டு. அதில் ஓட்டை இருப்பதை கிரேட்டே ஹெர்மன் என்ற பெண் 1935-லேயே காட்டினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜான் பெல் 1966-இல் எழுதின பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

சரி, வரைவு பரவியதால் வந்த நல்லதும் இருக்கு. பிரின்ஸ்டனில் 1946 முதல் வான் நியூமன் குழு தன் இயந்திரத்தின் வடிவமைப்பைப் பூட்டி வைக்காமல் அறிக்கைகளாக வெளியிட்டது. அதைப் பார்த்து இல்லினாய், ஸ்டாக்ஹோம், சிட்னி, இஸ்ரேலின் ரெஹோவோட் என்று பல இடங்களில் கணினி கட்டினார்கள். மும்பையிலும் கட்டினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஃப்ராக். அந்தக் குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன். 1926-இல் சென்னையில் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரிக்காரர். அமெரிக்காவில் படித்து 1954-இல் திரும்பி வந்தவர். குழுவில் பெரும்பாலானவர்கள் அதுவரை ஒரு கணினியையும் பயன்படுத்தியதில்லை. மாதிரி இயந்திரம் 1956-இல் ஓடியது, முழு இயந்திரம் 1960-இல் வேலைக்கு வந்தது. பிரின்ஸ்டன் இயந்திரத்தைப் போலவே 40 பிட் சொல். சுமார் 2,700 வால்வுகள். 1962-இல் நேரு அதற்குப் பெயர் சூட்டும்போது உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. 1964-இல் சிடிசி 3600 வந்ததும் டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. ‘காலாவதியான இயந்திரத்தை ஏன் கட்டினார்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கட்டிப் பார்க்காமல் அந்தத் தலைமுறைக்குக் கணினி கை வந்திருக்காது.

ஆனால் இந்தத் திறந்த மனசை நாம் இன்றைய ஓப்பன் சோர்ஸ் போல வெள்ளையாகக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம். பிரின்ஸ்டன் இயந்திரத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் ராணுவமும் அணுசக்தி ஆணையமும் உண்டு. அதன் நகல்களில் ஒன்று லாஸ் அலமாஸின் மேனியாக், லபாதுத் நாவலுக்குப் பெயர் தந்த இயந்திரம். பிரின்ஸ்டன் இயந்திரம் முறையாகத் திறக்கப்படுவதற்கு முன்பே, 1951 கோடையில் அதில் இரவு பகலாக ஓடியது ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு. வடிவமைப்பு சீக்கிரம் பரவ வேண்டும் என்பதில் ஆயுத ஆய்வகங்களுக்கும் அக்கறை இருந்தது. நம் பக்கமும் அப்படியே. டாடா நிறுவனம் அணுசக்தித் துறையின் குடையின் கீழ்தான் இருந்தது. 1974 பொக்ரான் சாதனமும் புளூட்டோனியமும் உள்வெடிப்பும்தான். அதில் புளூட்டோனியத்தின் நிலைச் சமன்பாட்டைக் கணக்கிட்டவர் ஆர். சிதம்பரம். சந்திரசேகர் படித்த அதே மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1998 சோதனைகளுக்குப் பிறகு அரசு சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று, இனிக் கணினி உருவகத்துக்குத் தேவையான தரவு கிடைத்துவிட்டது என்பது. அபர்டீன் நடைமேடைப் பேச்சு சுற்றி வந்து சேர்ந்த இடம் அது.

எனக்கு இந்த மூன்றும் ஒன்றுதான் என்று உறைத்தது புத்தகம் படித்தபோது இல்லை, ஒரு சின்ன நிரல் எழுதியபோது. அதிர்வலையைக் கணினியில் ஏற்றுவதில் ஒரு தொல்லை உண்டு. வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போட முடியும். அழுத்தமோ ஒரே இடத்தில் படியாகத் தாவுகிறது. கட்டங்களுக்கு அது பிடிபடாது, எண்கள் கண்டபடி ஆடும். 1950-இல் வான் நியூமனும் ரிக்ட்மையரும் ஒரு தந்திரம் வெளியிட்டார்கள். காற்று சட்டென்று நசுங்கும் இடத்தில் மட்டும் பொய்யாக ஒரு பாகுநிலையைச் சேர்ப்பது. தாவல் மூன்று நாலு கட்டங்களுக்குப் பரவி மழுங்கும், கணக்கு நிலைகொள்ளும். குண்டுக்காகச் செய்த தந்திரம். பிறகு விண்மீன்கள் சரிந்து வெடிக்கும் சூப்பர்நோவாக்களைக் கணக்கிடவும் இதன் வழிவந்த முறைகளைத்தான் பயன்படுத்தினார்கள். சந்திரசேகரின் எல்லை நிறையைத் தாண்டிய விண்மீனுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தேடினது குண்டு வெடிக்கச் செய்த கணிதத்தை வைத்துத்தான்.

பைத்தானில் ஐம்பது வரிக்குள் எழுதிப் பார்த்தேன். ஒரு குழாய், ஒரு முனையில் சுவர், பலமான அதிர்வலை ஒன்று வந்து செங்குத்தாக மோதுகிறது. சந்திரசேகர் 1940-களில் கையால் போட்ட கணக்கின் எளிய வடிவம். நானூறு கட்டம், என் பழைய மடிக்கணினியில் சில நொடிகள். பிரின்ஸ்டன் இயந்திரத்தின் மொத்த நினைவகம் 5 கிலோபைட், நான் வரைந்த ஒரு வரைபடத்தின் கோப்பே அதைவிடப் பெரிசு. சுவரில் அழுத்தம் எட்டு மடங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆனா சுவரை ஒட்டின இரண்டு மூன்று கட்டங்களில் வெப்பம் இருக்க வேண்டியதைவிட அதிகம். ரெண்டு நாள் என் நிரலில் பிழை தேடினேன். பிழை என்னுடையது இல்லை. அந்தப் பொய்யான பாகுநிலையின் பழைய கோளாறு, சுவர்ச் சூடு என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நிரலையும் படங்களையும் அடுத்த பதிவில் போடுகிறேன்.